சட்டை மாற்றிக்கொள்ளும் முறை

அந்தக் கையேட்டை எழுதியவள் நான்தான். பதினாறு பக்கம். 'வெளிநாடுகளிலிருந்து ஓட வருகிறவர்களுக்குச் சில யோசனைகள்' என்று தலைப்பு. சங்கத்தில் வேறு யாராவது எழுதியிருந்தால் நாலு வரியில் முடித்து, அடியில் 'மேலும் விவரங்களுக்கு நேரில் வரவும்' என்று போட்டிருப்பார்கள். முப்பது நாடுகளிலிருந்து அறுநூறு பேர் வருகிறார்கள், நேரில் வந்து சேர்ந்த பிறகு விவரம் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டேன். அப்படியென்றால் நீங்களே எழுதுங்கள் அக்கா என்று டமாரம் அதை என் தலையில் கட்டிவிட்டான்.

டமாரம் எங்கள் சங்கத்தின் செயலாளர். அவன் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் கேட்கும். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அபராதம். யார் முதலில் வந்தது என்று கேட்டாலும் அபராதம், ஏனென்றால் இது பந்தயம் இல்லை. ஒருவர் முன்னால் போய் வழியெல்லாம் கோதுமை மாவால் புள்ளி வைத்துவிட்டுப் போவார். மற்றவர்கள் அந்தப் புள்ளிகளைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு, குடித்து, ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உலகம் முழுக்க இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஓர் ஊரில் எல்லோரும் கூடுகிறார்கள் என்பதை நானே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சங்கத்தில் அவர் பெயர் பஞ்சர். எந்த ஓட்டத்திலும் பாதி வழியில் எங்காவது உட்கார்ந்துவிடுவார். நான் ஓடுவதில்லை. ஓடுகிறவர்களுக்கு எழுதிப் போடுவதோடு சரி. அதனால் எனக்கு நோட்டீஸ் என்று பெயர்.

ரயில் முன்பதிவு கவுண்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். ஊர் விட்டு ஊர் வருகிற மனிதர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. விமான நிலையத்து வாசலில் கையைப் பிடித்து இழுப்பவரின் டாக்ஸியில் ஏறாதீர்கள், இடது பக்கம் கண்ணாடிக் கூண்டில் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள் என்று எழுதினேன். குழாய்த் தண்ணீர் பல் தேய்க்க மட்டும். புது ஷூவோடு வராதீர்கள், கொப்புளத்துக்குச் சங்கம் பொறுப்பில்லை. பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் பூட்டி வையுங்கள். ஓடும்போது பை வேண்டாம், பர்ஸ் வேண்டாம், போனும் வேண்டாம்; போனைப் பார்த்துக்கொண்டே ஓடியவர் போன வருஷம் சாக்கடைக்குள் இறங்கினார்.

பதினோராவது பகுதிக்கு 'சட்டை மாற்றிக்கொள்ளும் முறை' என்று பெயர் வைத்தேன். முதல் நாள் மாலை வரவேற்பில் ஒவ்வொருவரும் தன் சங்கச் சட்டையை வேறு நாட்டுக்காரர் ஒருவரோடு மாற்றிக்கொள்வதும், மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதும் இந்தக் கூட்டங்களின் வழக்கம். 'துவைத்த சட்டையாகக் கொண்டுவாருங்கள். யாராவது கேட்டால் மறுக்காதீர்கள். மறுப்பது மரியாதை ஆகாது' என்று முடித்திருந்தேன். கடைசி வரி வழக்கத்தில் இல்லை. கெத்தாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது.

வரவேற்பன்று எனக்குத் தலைவலி. பாதியிலேயே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். பந்தல் போடுகிறவர்களோடு என் வீட்டுக்காரர் அங்கேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை அவர்கள் ஓடக் கிளம்பிய பிறகுதான் நான் மைதானத்துக்குப் போய் விசாரணை மேஜையில் உட்கார்ந்தேன். எட்டே முக்கால் இருக்கும். ஒரு அம்மாவுக்கு எந்தப் பேருந்து எங்கே போகும் என்று வரைபடத்தில் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டமாரம்.

"அக்கா," என்றான். மெதுவாகச் சொன்னான். அவன் மெதுவாகப் பேசி அதுவரை நான் கேட்டதே இல்லை.

"என்னடா?"

"பதறாதீங்க. பஞ்சர் விழுந்துட்டாரு. சுரங்கப்பாதைப் படியில. தலையில நல்ல அடி. ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க."

"நீ பாத்தியா? பேசினாரா?"

"நான் பாக்கல அக்கா. கூட ஓடின வெளிநாட்டுக்காரங்க சொன்னாங்க. நினைவு இல்லையாம். நீங்க கெளம்புங்க, நான் பின்னாடியே வரேன்."

அந்த அம்மாவின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே டாக்ஸியில் ஏறியிருக்கிறேன். அவர் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. போனை எடுத்துக்கொண்டு ஓடாதே என்று ஊருக்கெல்லாம் எழுதியவளின் புருஷன் போனோடு ஓடுவாரா?

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு பெண். ஓட்டக் கூட்டத்திலிருந்து வந்தவர், தலையில் அடிபட்டவர் என்றேன். 'பஞ்சர்' என்று சட்டையில் போட்டிருக்கும் என்றேன். அவள் தாளைப் பார்த்தாள்.

"ஆமா மேடம். ஐம்பது வயசு, கொஞ்சம் பருமன். ஸ்கேன் எடுத்துட்டு நேரா ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போறாங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம்."

"பாக்க முடியாது மேடம். மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, ஒடனே எடுக்கணும். கையெழுத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அவள் கேட்டாள், நான் சொன்னேன். முழுப் பெயர், வயது, ரத்த வகை. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவளுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் தடுமாறினால் எரிச்சலாக வரும். அதனால் நான் தடுமாறவில்லை. சர்க்கரை? இல்லை. ரத்தக் கொதிப்பு? இல்லை. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? அப்படி எதுவும் இல்லை.

"தினம் சாப்பிடற மாத்திரை?"

"தலைவலிக்குக் கூடப் போட மாட்டார்."

"ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஏதாவது? இதயத்துக்குக் குடுப்பாங்களே, அந்த மாதிரி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, டாக்டர் ரெண்டு தடவை கேக்கச் சொன்னாங்க. இப்ப வர்ற புது மாத்திரையெல்லாம் எங்க சாதாரண டெஸ்ட்ல தெரியாது."

"யோசிக்க என்ன இருக்கு? இருபத்தாறு வருஷமா நான்தான் சமைச்சுப் போடறேன். எனக்குத் தெரியாம அவர் வாய்க்குள்ள என்ன போகும்?"

அவள் 'இல்லை' என்று எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். ஒரு ஆள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பிறகு என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். அதில் சட்டை. முன்பக்கம் நெடுகக் கத்தரித்திருந்தார்கள். முதுகில் ஆங்கிலத்தில் பஞ்சர் என்ற எழுத்து. தோள்பட்டையில் பிரிந்த தையலை நான் வேறு நிற நூலால் போட்டது அப்படியே இருந்தது, மற்ற இடமெல்லாம் ரத்தம். என்ன நிற நூல் என்று அவர் கேலி செய்ததுகூட ஞாபகம் வந்தது. அந்தப் பையைக் கட்டிக்கொண்டு அழுதேன். சாமியிடம் பேரம் பேசினேன். பட்டப்பெயர் வைத்த டமாரத்தை, மாவுப் புள்ளி வைத்தவனை, சுரங்கப்பாதைக்குப் படி கட்டினவனை எல்லாம் திட்டினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அரை மணி இருக்கலாம். வாசல் பக்கம் டமாரத்தின் குரல் கேட்டது, இந்தத் தடவை பழைய சத்தத்தில். நிமிர்ந்து பார்த்தேன். அவனுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார்.

தலையில் கட்டு இல்லை. முழங்காலில் சேறு. உடம்பில் பச்சையாக ஏதோ சட்டை. முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "நான் ஓடி முடிச்சுட்டு வந்து ஜூஸ் குடிச்சிட்டு இருந்தேன். இவன் என்னைப் பாத்துட்டுப் பேயைப் பாத்த மாதிரி கத்தறான்."

எழுந்துபோய் அவரை அடித்தேன். கன்னத்தில், தோளில், எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம். பிறகு கட்டிக்கொண்டேன். அத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன். போன உயிர் திரும்பி வந்துவிட்டது. அப்படியொரு சந்தோஷத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. இன்று அதைச் சொல்லக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

"உங்க சட்டை எப்படி அந்த ஆளுகிட்ட..." என்று டமாரம் ஆரம்பித்து, ஆரம்பித்த இடத்திலேயே நிறுத்திவிட்டான்.

"நேத்து சாயங்காலம் மாத்திக்கிட்டது," என்றார் அவர். "வழக்கம்தானே?"

பதினோராவது பகுதியை எழுதியவளுக்கே அது நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. உள்ளே ஒருவர் படுத்திருக்கிறார். அவரைப் பற்றி நான் கவுண்டரில் பத்துப் பதில்கள் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் இதோ என் எதிரே சேறும் சகதியுமாக நிற்கிற மனிதரைப் பற்றியவை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா என்றார்கள். இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

தியேட்டர் கதவை நோக்கி ஓடினேன். நாற்பத்தொன்பது வயதில் நான் ஓடிய ஒரே ஓட்டம் அதுதான். வாசலில் நின்ற நர்ஸ் தடுத்தார்.

"நான் சொன்னது எல்லாமே தப்பு. உள்ள இருக்கறது என் புருஷன் இல்ல. டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அவர் வேற யாரோ."

நர்ஸ் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். நான் பின்னால் கையைக் காட்டினேன். "இதோ நிக்கறார் பாருங்க, இவர்தான் என் புருஷன்." நர்ஸ் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன, அதில் இருந்த கோபத்தைப் பார்க்க முடியவில்லை.

"மயக்க மருந்து குடுத்தாச்சு. இன்னும் கத்தி வைக்கல. இப்பச் சொல்லுங்க, அவர் யாரு?"

யாருக்கும் தெரியவில்லை. நல்ல மனுஷன், பார்க்க நம்மூர்க்காரர் மாதிரியே இருப்பார், பேச்சே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தார் என்றார் என் வீட்டுக்காரர். பட்டப்பெயர் இந்தச் சட்டையின் முதுகில் இருக்கிறது என்று திரும்பிக் காட்டினார். அது எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அறுநூறு பேர் பதினாலு ஓட்டலில் இருக்கிறார்கள். டமாரத்திடம் பட்டியல் இருந்தது, அதிலும் பட்டப்பெயர்கள்தான். பாஸ்போர்ட் ஏதோ ஓர் அறையில் பூட்டிக் கிடந்தது. பர்ஸ் இல்லை, போன் இல்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் அந்த மனிதர் ஒழுங்காகக் கேட்டு நடந்திருந்தார்.

"அந்தச் சட்டையைக் கழட்டுங்க," என்றேன். அதில் பையாவது இருக்குமா, ஒரு ஓட்டல் சீட்டாவது இருக்குமா என்று பார்க்கத்தான். அவர் அந்த நடைபாதையிலேயே கழற்றிக் கொடுத்தார். பை இல்லை. உள்பக்கம் திருப்பினேன். இடது பக்கத் தையலோடு சேர்த்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணி தைத்திருந்தது. அதில் கறுப்பு நூலால், கையால் போட்ட ஆங்கில எழுத்துகள். ஒரு பெயர். நாட்டின் குறியீட்டோடு ஒரு போன் நம்பர். ரத்த வகை. கடைசி வரியில் ஒரு மாத்திரையின் பெயர், நாளைக்கு இரண்டு.

"கடை லேபிள்னு நெனச்சேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா அந்தக் கடைசி வரியைப் படித்தார். சட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "மண்டையைத் திறந்திருந்தா ரத்தம் நின்னிருக்காது," என்று சொன்னார், எங்களிடம் சொன்ன மாதிரிகூட இல்லை. அந்த மாத்திரையை முறிக்கிற மருந்து இன்னோர் ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டுமாம். வருகிற வரைக்கும் கட்டியிருக்கிற ரத்தம் பெருகாமல் இருக்க வேண்டும். அவர் உள்ளே போய்விட்டார்.

டாக்டரம்மா படிக்கும்போதே அந்த நம்பரை நான் எழுதிக்கொண்டுவிட்டேன். நான் பேசுகிறேன் என்று டமாரம் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். எனக்கு ஆங்கிலம் எழுத வரும்; பேச எங்கள் இருவருக்குமே அரைகுறைதான். மெதுவாகச் சொன்னேன். உங்கள் கணவர் விழுந்துவிட்டார், தலையில் அடி, மாத்திரை விவரம் டாக்டருக்குத் தெரியும், சட்டையில் பார்த்தோம். அவள் அழவில்லை. எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டாள். இப்போது மணி என்ன என்று கேட்டாள். இத்தனை நேரம் ஏன் என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டார், அதனால் அவரை என் கணவர் என்று நினைத்து, மாத்திரை எதுவும் இல்லை என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்றேன்.



"மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன்," என்றாள். "அவர் உங்கள் புத்தகத்தைக் காட்டினார். மறுத்தால் மரியாதை இல்லை என்று போட்டிருக்கிறது, அந்த அம்மா எழுதியிருக்கிறார் என்றார். அவருக்கு யாரையும் வருத்தப்படுத்தத் தெரியாது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பேப்பர் இருக்கிறதா, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். மாத்திரையைக் காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், எந்த வருஷத்திலிருந்து சாப்பிடுகிறார், கீழ்வரிசையில் எந்தப் பல் கட்டியது, எந்தக் காது மந்தம் என்று வரிசையாகச் சொன்னாள். கண் விழித்தால் வலது பக்கம் நின்று பேசச் சொன்னாள். பட்டப்பெயர் வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள். அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டேன். மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது முறைதான் அவள் குரல் உடைந்தது.

எழுதியதை நர்ஸிடம் கொடுத்தேன். பதினொன்றரைக்கு மருந்து வந்தது. மதியம் மூன்று மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். ரத்தத்தை எடுத்தாயிற்று, விரலை அசைக்கிறார், பிழைத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன் என்றார். டமாரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அந்தப் பெண்ணுக்கு நான் மறுபடியும் போன் செய்தேன். விமான நிலையத்தில் இருக்கிறேன் என்றாள். டாக்ஸிக்கு எங்கே சீட்டு வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்களே வந்து அழைத்துக்கொள்கிறோம் என்றேன்.

கவுண்டர் பெண் என்னைக் கூப்பிட்டு, காலையில் எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்தாள். குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று முத்திரை குத்தியிருந்தது. "இது உங்க வீட்டுக்காரர் விவரம் மேடம். நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க."

அதை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் சரியாகப் பேசவே இல்லை. அதிர்ச்சி என்று நினைத்திருந்தேன். தாளை என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். பெயர், வயது, ரத்த வகை. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றது.

"இதை நீதான் சொன்னியா?"

"நான்தான். வேற யாரு சொல்லுவா?"

"எதுவும் இல்லைன்னா எழுதச் சொன்ன?"

"ஆமா."

அவர் தாளை மடித்தார். மறுபடியும் பிரித்தார்.

"ஒன்றரை வருஷமா சாப்பிடறேம்மா. நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு அடிச்சுக்குது. உள்ள ரத்தம் கட்டிடக் கூடாதுன்னு டாக்டர் குடுத்தாரு. அந்த ஆளோட மாத்திரைப் பேரைப் படிச்சீங்களே, அதேதான்."

எனக்குக் காதில் விழுந்தது. புரிய நேரமாயிற்று.

"எங்க வச்சிருக்கீங்க?"

"வேலை செய்யற பையில. ஸ்பேனருக்கு அடியில."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஓடக் கூடாதுன்னுடுவ. உன்கிட்ட யாரு பேசி ஜெயிக்கறது?"

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. யாரோ ஒருத்தி, எங்கோ ஒரு ஊரில், புருஷனின் ஒவ்வொரு சட்டையையும் திருப்பிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர்கள் சட்டை மாற்றிக்கொள்ளாமல் இருந்து, படியில் விழுந்தது இவராகவே இருந்திருந்தால், நான் அதே கண்ணாடிக்கு முன்னால் நின்று அதே பதிலைச் சொல்லியிருப்பேன். ஒரு நொடிகூடத் தயங்கியிருக்க மாட்டேன். ஓடிவந்து தடுக்கவும் ஆள் இருந்திருக்காது.

பேனாவை எடுத்தேன். அந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க," என்றேன். "காலையில எத்தனை மணிக்கு?"